வெளிச்சமாய்ப் போன மிச்சம்

சிவகுருநாதன் மாஸ்டரைப் போல ஒரு பிடிவாதக்காரரைத் திருகோணமலையில் நான் கண்டதில்லை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவர் பௌதிகவியல், கிண்ணியாவிலிருந்து போய்வந்த நான் கணக்கு.

இயற்கை பக்கம் சாயாது என்று வருடக்கணக்காகப் படிப்பித்தவர், ஒரு சஞ்சிகையைப் படித்தபின் மாறிப்போனார். ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாக இருந்தனவாம். ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் அழியும். ஆனால் சில துகள்கள் சிதையும்போது இரண்டு பக்கமும் ஒரேமாதிரி நடப்பதில்லை. அப்படி ஏதோ ஒரு துளி வித்தியாசத்தால்தான் இந்த உலகம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பார். ‘சார்ம்’ என்ற புதுத் துகளிலும் அதைத் தேடுகிறார்கள், இன்னும் அகப்படவில்லை என்று புட்டைப் பிசைந்தபடி சொல்லுவார்.

அவர் மனைவி நல்லம்மா ஒருநாள் கேட்டார்:

“அப்ப மற்றதெல்லாம்?”

“எரிஞ்சு வெளிச்சமாப் போச்சு.”

நல்லம்மா அதற்குமேல் சாப்பிடவில்லை.

அவருக்கு எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்திலேயே பயம் பிடித்துவிட்டது. அப்போது தமிழ்க் கிராமமான கிளிவெட்டிக்கு ஓடியபோது, வீட்டைப் பூட்டித் திறப்பை அடுத்த வீட்டுச் சோமபாலவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிங்கள மனுசன் வாசலில் கதிரை போட்டிருந்து வீட்டைக் காத்தார். அன்றிலிருந்து ஒரு திறப்பு அவரிடமே இருந்தது. சித்திரை வருடப்பிறப்பும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். இங்கிருந்து பலகாரத் தட்டு போகும். அதே தட்டு அவர்களுடைய கொக்கிஸ் பலகாரம் நிறைந்து திரும்பும். கிளிவெட்டிக்கே போய்விடுவோம் என்று நல்லம்மா கெஞ்சும்போதெல்லாம் மாஸ்டர் அந்தத் தட்டைத்தான் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துறைமுகப் பக்கம் வெளியூர்ச் சிங்களப் புதுமுகங்கள் கூடிக்கொண்டிருந்தன. சந்தையில் பழகிய முகங்கள் எங்களைக் கண்டு திரும்பிக்கொண்டன. துளி வித்தியாசத்தை வானத்தில் தேடிய மனுசனுக்கு அது தெருவில் தெரியவில்லை.

எண்பத்துமூன்று சித்திரை வருடப்பிறப்பில் நானும் மாஸ்டர் வீட்டில் இருந்தேன். சோமபாலவின் மனைவி குசுமா தட்டைத் துணியால் மூடிக் கொண்டுவந்தார். வழமைபோல உள்ளே வந்து இருக்கவில்லை. நல்லம்மா துணியை விலக்கினார். கழுவித் துடைத்த வெறும் தட்டு, நடுவில் அந்தத் திறப்பு.

“அக்கா, இனி எங்களுக்கு வச்சிருக்க ஏலாது,” என்றபோது குசுமாவின் கண் நிறைந்திருந்தது. “கெதியாப் போங்க.”

மாஸ்டர் தட்டிலிருந்து திறப்பை எடுத்தார். எனக்கு அவரைக் குத்திக் கதைக்க மனம் வரவில்லை. பின்னேரமே மூட்டை கட்டினார்கள்.

கதவைப் பூட்டிய மாஸ்டர் பழக்கத்தில் வேலியோரம் போய்த் திறப்பை நீட்டினார். சோமபால வீட்டுச் சன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார்.