மலர்ச்சாலையின் கடைசி வரிசை

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பாதிப் பேர் ஒரு விடயத்தைத்தான் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறினாரா, இல்லையா? எழுதத்தான் போகிறேன். அந்தக் கதையைக் குடும்பத்துக்குள் கிளப்பியவளே நான்தான்.

அக்கா யாழ்ப்பாணத்து இணுவிலில் மூத்த மகளாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா வெகு சீக்கிரமாகவே காலமாகிவிட, தையல் மெசின் மிதித்து என்னைப் படிப்பித்தவர் அவரே. திருமணமாகி மூன்றாம் வருடம் அத்தான் போரில் ஷெல் அடிபட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்தார். ஸ்காபரோவில் என்னோடு இருப்பார் என்று நினைத்தேன். அவரோ வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கும் அப்பால் ஒரு காளான் பண்ணையில் வேலை எடுத்து, பழைய பண்ணை வீடொன்றின் பின்பக்கத்தில் வாடகைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்காரி டொறத்தி. கணவன் இறந்து, பால்மாடுகளையும் விற்றுவிட்டுத் தனியாக இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. அந்த வீதியின் வயல்கள் ஒவ்வொன்றாக வீடு கட்டும் கம்பனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. இளம் ஆட்கள் பட்டணம் போய்விட்டார்கள். சந்தியிலிருந்த சின்னச் சேர்ச்சில் ஞாயிறுகளில் பத்துப் பன்னிரண்டு கிழடுகட்டைகள்தான். கம்பனிக்கு வேவு பார்க்க வந்தவர் என்று முதலில் அக்காவைச் சந்தேகித்தார்களாம். எனக்குத் தோன்றியது வேறு. ஆள் இல்லாத சேர்ச்சுக்கு ஆள் பிடிக்கிறார்கள்.

சும்மா சந்தேகப்படவில்லை. சேர்ச்சில் ஊர் கூடிச் சாப்பிடும் நாள் என்றால் டொறத்தி அக்காவையும் கூட்டிப்போவார். அக்கா அங்கே குந்தியிருந்து அப்பிள் சீவிக் கொடுப்பார். ஒருநாள் நான் போனபோது, டொறத்தி கொடுத்த முட்டைகள் பிரிஜ்ஜுக்குள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஏதோ கீறியிருந்தது. முட்டையில் எழுத்தென்றால் எங்கள் ஆட்களுக்கு வேறென்ன நினைக்க வரும்? செய்வினைதான். அத்தனையையும் வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன்.

“உது கோழி முட்டையிட்ட திகதியடி,” என்றார் அக்கா. “நீ ஆரைத்தான் நம்புவாய்?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அக்கா அந்த வீட்டை விட்டு வர மறுத்தார். ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போய் வந்தவர் டொறத்தி. கடைசி நாளன்று, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, ஒட்டி மூடிய கடித உறை ஒன்றை என்னிடம் நீட்டி, அக்கா கொடுக்கச் சொன்னதாகச் சொன்னார். அவர்களுடைய சேர்ச் இடுகாட்டில் அடக்கம் செய்யும்படிதான் டொறத்தி எழுதி வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். பிரித்தால் அதன்படி நடக்க வேண்டிவரும். பிரிக்காமலே கைப்பைக்குள் வைத்துவிட்டு, எங்கள் முறைப்படி தகனத்துக்கு ஒழுங்கு செய்தேன்.

இறுதிச் சடங்கு நடந்த மலர்ச்சாலையில் பெண்கள் வாய்க்கரிசி போடும்போது டொறத்தியும் எழுந்து வந்தார். நான் அவர் கையைப் பிடித்து, இது குடும்பத்து ஆட்களுக்கு மட்டும் என்று சொல்லிக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். அவர் அங்கே போய் இருந்தார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்றுதான் உறையைப் பிரித்தேன். அக்காவின் கையெழுத்து. தமிழ்.

“தங்கச்சி, நேரில சொன்னால் நீ சண்டைக்கு வருவாய், அதுதான் எழுதிறன். நான் வேதத்துக்கு மாறேல்லை. எங்கட முறைப்படியே செய். டொறத்திக்கும் ஒருத்தரும் இல்லை. என்ர வாயில ஒரு பிடி அரிசி போட அவவையும் கூப்பிடு. எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்.”

என் அக்கா கேட்ட ஒரே ஒரு விடயத்தை நான்தான் கெடுத்தேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் உதவியவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்து துயர் பகிர்ந்த உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

போன கிழமை டொறத்தியின் வீட்டுக்குப் போனேன். கதவை அரைவாசிதான் திறந்தார். கடிதத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று தான் எப்படி நம்புவது என்று கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

அவருக்கு நன்றி. அவரிடம் மன்னிப்பும் கேட்கிறேன். இதை வாசிப்பவர்களில் யாராவது ஒருவர், அக்கா அப்படித்தான் எழுதினார் என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்.