தரையில் படியாத விரல்

டைல்ஸ் போடுகிறவர் என்றால் அந்த வட்டாரத்தில் அவரைத்தான் கைகாட்டுவார்கள். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ரசமட்டம் என்றால்தான் தெரியும். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மற்றவர்களுக்கு அந்தக் கருவி வேண்டும். அவருக்குக் கண்ணே போதும். விருந்துக்குப் போன வீட்டிலும் தட்டைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிற மனுஷன் என்று மனைவிக்கு ஒரு குறை.

வருஷக்கணக்காக மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றிச் செய்த வேலை. வலது கால் கட்டைவிரல் மூட்டு தேய்ந்து, மடக்கினாலே உயிர் போனது. மூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் சேர்த்து, மேலே பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிடலாம் என்றார் டாக்டர். வலி போகும், விரல் இனி மடங்காது. மண்டியிட முடியாவிட்டால் பலகையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று கூட்டாளியான மச்சான் தைரியம் சொன்னான். எலும்பு கூடாமல் போனால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. ரசமட்டத்துக்குப் பயம் அதுதான்.

ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த அன்று பாதத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் தரையில் படியவில்லை. நுனி தூக்கிக்கொண்டு நின்றது.

டாக்டரிடம் கேட்கப் பயம். கோணல்தான் என்று அவர் ஒத்துக்கொண்டால் மறுபடியும் கத்தியா? மனைவியிடமும் மூச்சு விடவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். தூக்கி நிற்கிற டைலைக் கலவை இறுகுவதற்குள் தட்டி உட்கார வைத்துவிட வேண்டும். இறுகிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மனைவி சலவைக்கடை வேலைக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, உள்ளங்கையால் விரலைக் கீழே அழுத்துவார். தினமும் அழுத்தினார். ஒருநாள் உள்ளே ஏதோ டக்கென்றது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

சாயங்காலம் வந்த மனைவி வீக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

“என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா முகம் இப்படி வெளிறிக் கெடக்கு?”

சொன்னார். திட்டுவாள் என்று பார்த்தால், அவள் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்து வைத்தாள். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் டாக்டர் நடந்ததைக் கேட்டுக்கொண்டே எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

“ஐயா, அது கோணல் இல்ல. நடக்க வசதியா இருக்கணும்னு நான்தான் கொஞ்சம் தூக்கி வச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

ஒரு ஸ்க்ரூ இளகி வெளியே வந்திருந்தது. பிளேட் இப்போதைக்குத் தாங்குகிறதாம். எலும்பு கூடுமா என்று அடுத்த மாதம் படம் எடுத்தால்தான் சொல்ல முடியும், கூடாவிட்டால் திரும்பத் திறக்க வேண்டிவரும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துவிட்டு மனைவி கேட்டாள்.

“இனிமே அதுல கை வைப்பீங்களா?”

“கை வைக்க மாட்டேன். கண்ணுதான் அங்கேயே போகுது.”

அவள் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி வந்து பாதத்தை மூடினாள். “இப்பப் பாருங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும்.”

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. துண்டுக்கடியில் விரல் சுரீரென்றது. எலும்பு கூடுகிற வலியா, விட்டுப்போகிற வலியா என்று தெரியாமல், மூச்சைக்கூட மெதுவாக இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்.