எண்ணெய்க் குளியலும் ஒரு மூட்டை மரத்தூளும்

போன வருடம் குற்றாலத்தில் சாரல் களைகட்டியிருந்த நேரம். அங்கே ஒரு சின்ன கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். "படிச்சுட்டுப் போயும் போயும் சாக்கடையிலயா வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நான் கூச்சப்படுவதில்லை. லாட்ஜுகளின் அழுக்குத் தண்ணீர் எங்கள் தொட்டிகளைத் தாண்டித்தான் சிற்றாற்றில் சேருகிறது. அதற்குக் கீழே எத்தனையோ ஊர்க்காரர்கள் குளிக்கிறார்கள்.

ஒரு நாள் காலையில், காற்று ஊதும் தொட்டியில் எண்ணெய் படலமாக மிதந்தது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தத் தொட்டியில்தான் இருக்கின்றன. எண்ணெய் மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். பிறகு வருகிற சாக்கடை அப்படியே ஆற்றுக்குத்தான். வாளியால் அள்ளினோம்; அள்ள அள்ள வந்தது. முகர்ந்து பார்த்தேன். மூலிகை வாசனை! அருவிக்குப் போகும் முன் உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்வார்களே, அந்த எண்ணெய்.

சாக்கடை மூடிகளைத் திறந்து பார்த்துக்கொண்டே தெருவில் ஏறினேன். ஒரு லாட்ஜின் பின்பக்கம், எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி வெந்நீரும் சோப்புத்தூளும் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இதை இங்கன ஊத்தாதீங்க."

"பின்னே எங்கன ஊத்த, உன் தலையிலயா? வழுக்கி விழுந்தவன் என்னையில்லா ஏசுதான்!"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். "சீசன்ல எண்ணெய் தேய்க்காதேன்னா, குத்தாலத்துக்கு எவன்டே வருவான்?"

அவர் கேட்டதும் நியாயம்தான். சண்டை போட்டால் எண்ணெய் நிற்குமா? அப்போதுதான் அப்பா நினைவு வந்தது. செங்கோட்டைப் பக்கம் மரம் அறுக்கும் மில்லில் அவர் லோடுமேன். அங்கே தரையில் எந்திர எண்ணெய் சிந்தினால் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். மரத்தூளைக் கொட்டிக் கூட்டிவிடுவார்கள். உடனே போன் போட்டேன். வண்டியில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார் அப்பா.

பெஞ்சில் எண்ணெய் வழியப் படுத்திருந்த மதுரைக்காரர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எண்ணெய் தடவியாச்சு, அடுத்து ரவையில பொரட்டப் போறீங்களா?" என்றார்.

"நீங்க அசையாம கிடங்க. இது தரைக்கு" என்றார் அப்பா, சிரிக்காமல்.

தூளைத் தூவி, காலால் தேய்த்து, கூட்டி அள்ளினார். தரை காய்ந்துவிட்டது. அண்ணாச்சி வெறுங்காலோடு நடந்து பார்த்தார். "ஏலே, பிடிக்குது பாருலே!"

"இந்தக் குப்பையை எவன் அள்ளுவான்?" மேனேஜர் இறங்கி வருவதாக இல்லை.

"இங்கன கொண்டாங்க, அடுப்புக்கு ஆகும்" என்று பக்கத்து டீக்கடையிலிருந்து குரல் வந்தது. மேனேஜர் அள்ளிய தூளை அங்கேயே கொடுத்தனுப்பினார். மற்ற லாட்ஜுகளுக்கும் நானே போய்ச் சொன்னேன். கொஞ்ச நாளில் தொட்டி, நுண்ணுயிர்கள் நலமாக இருக்கும்போது வரும் பழைய மண் நிறத்துக்குத் திரும்பியது.

எங்கள் நிலையத்தில் சுத்தமான தண்ணீர் ஆற்றில் விழும் இடத்துக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்தார். "இதுவாலே அந்தத் தண்ணி?" என்றார். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, நிதானமாகக் கால் கழுவினார்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் ஆற்றில் ஒரு குறை கண்டால், யாரைத் திட்டலாம் என்று தேடுவதைவிட, அவர்கள் கையில் எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்க அன்றைக்குத்தான் பழகினேன்.