சைபருக்கு எதிரே ஆயிரத்து எழுநூறு

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்த அந்தப் போட்டியின் கடைசிச் சுற்றுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரே வாய்ப்பு. சிம்மக்கல்லில் மொத்தக் கடை வைத்திருக்கும் அத்தா, பெற்ற மகளென்றும் பார்க்காமல் கறாராகச் சொல்லிவிட்டார்: "ரேட்டிங் உள்ள ஒருத்தரையாவது ஜெயிச்சுக் காட்டு. இல்லன்னா செஸ்ஸ மூட்ட கட்டிட்டு பிளஸ் டூ படிக்கிற வழியப் பாரு."

ஆட்டத் திறனுக்குத் தரும் ரேட்டிங் புள்ளி, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயருக்கு நேரே சைபர். எதிராளிக்கு ஆயிரத்து எழுநூறு. போய்ப் பார்த்தால், அந்த ஆயிரத்து எழுநூறு மூன்றாம் வகுப்புப் படிக்கிறது. உயரம் போதாமல் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சுண்டைக்காயிடம் தோற்றால் வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது?

ஆனால் அன்று என் காய்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. முப்பது நகர்த்தலுக்குள் அவளுடைய ராஜா மூலையில் தனியாக மாட்டிக்கொண்டது. என் ராணியும் குதிரையும் பக்கத்திலேயே நின்றன. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஆயிரத்து எழுநூறு சும்மா வந்து மாட்டுமா? ஏதோ பொறி வைத்திருக்கிறாள். ஆட்டத்தைச் சமன் செய்து அரைப் புள்ளியோடு போனால் அத்தாவிடம் பேரம் பேசிப் பார்க்கலாம். ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டு, "ட்ரா?" என்று கேட்டுக் கடிகாரத்தை அழுத்தினேன். நான் கையை எடுக்கும் முன்பே அவள் சம்மதமென்று குலுக்கக் கையை நீட்டிவிட்டாள்.

வராண்டாவுக்கு வந்ததும் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்க்கா ட்ரா கேட்டீங்க? குதிர இங்க, ராணி இங்க வந்தா நான் காலி. எனக்கு அழுகையே வந்துருச்சு." உள்ளங்கையில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினாள். பொறியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அத்தா காத்திருந்தார். "ட்ரா" என்றேன்.

"அப்ப ஜெயிக்கல" என்றார். பேரம் அத்தோடு முடிந்தது.

பக்கத்திலேயே அவளுடைய அம்மா கத்திக்கொண்டிருந்தார். "சைபர்கிட்டயா ட்ரா பண்ணுன? அரைப் புள்ளி போச்சே, இனி பரிசு எப்புடிக் கிடைக்கும்?"

"நான் தோத்துருக்கணும்மா" என்றாள் அவள், அத்தனை பேர் காதிலும் விழ. "அந்த அக்காதான் பயந்து விட்டுட்டாங்க."

அத்தா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளையப் பாத்தா பயந்த?"

"பொறி வச்சுருக்கான்னு நெனச்சேன்த்தா" என்றேன்.

"ஆடத் தெரியாம தோத்துருந்தா செஸ்ஸ விட்டுரச் சொல்லலாம். பயந்துட்டு வந்து நிக்கிறவள எப்புடி அப்படியே விடுறது?" என்று வண்டிச் சாவியை எடுத்தார். "அடுத்த போட்டி எப்ப?"