ஹாக்லண்ட் மடு

நல்லது என்று நம்பிச் செய்த வேலை பிற்காலத்தில் கெடுதல் என்று தெரிந்தால், செய்தவன் என்ன செய்ய வேண்டும்? வருந்தினால் போதுமா? வெர்ன் ஹாக்லண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மழை வருமா என்று வானத்தைப் பார்த்திருப்பார்.

ஓரிகன் கடற்கரையில், டன்மோர் ஆற்றோர ஊரில் அவர் லாரி மெக்கானிக். சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்கள் கடலிலிருந்து ஏறிவந்து முட்டையிடும் ஆறு அது. எங்கள் தூண்டில் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்கள் மீனுக்குத் தடை, அகற்றினால் சுலபமாக ஏறிவரும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினோம். சனிக்கிழமை தவறாமல் வெர்ன் தன் லாரியில் இரும்புக் கயிறு கட்டி மரங்களைக் கரைக்கு இழுத்தார். ஒரு வளைவில் பெரிய மரக்குவியலை எடுத்ததும் அகலமான மடு ஒன்று வெளிப்பட்டது. தூண்டிலை எப்படி வீசினாலும் எதிலும் சிக்காது. ஊர் அதற்கு அவர் பெயரையே வைத்தது.

பிறகு மீன் குறைந்தது. தடுக்க மரம் இல்லாததால் குளிர்கால வெள்ளம் சரளைக் கற்களை அடித்துக்கொண்டு போய், பல இடங்களில் வெறும் பாறைதான் மிஞ்சியது. முட்டையிடச் சரளை இல்லை, குஞ்சுகள் ஒதுங்க நிழல் இல்லை. இது எங்களுக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அதுவரை சங்கத்தில் சிலர் மீனைத் தின்னும் கடல்நாய்களைத் திட்டினார்கள், சிலர் அரசாங்கத்தைத் திட்டினார்கள். வெர்ன் யாரையும் திட்டவில்லை. அதைப் பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன். அவர் பேச்சே அவ்வளவுதான்.

மரங்களைத் திரும்ப ஆற்றில் போடுவது என்று சங்கம் முடிவெடுத்தபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் மனைவி மேவிஸ் கூட்டத்துக்கு பிஸ்கட் கொண்டுவந்தவள், எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அன்னைக்கு வெளிய இழுத்துப் போட்டீங்க. இன்னைக்கு உள்ள தள்ளப் போறீங்க. நடுவுல எனக்கு விறகாவது மிஞ்சிச்சா?"

மீன்வள ஆய்வாளர் ரோவீனா வரைபடத்தை விரித்து, மரம் போட மிகச் சரியான இடம் ஹாக்லண்ட் மடு என்றாள். எல்லோரும் வெர்னைப் பார்த்தோம். அவருக்கு முழங்கால் எப்போதோ போய்விட்டிருந்தது. சாலையை ஒட்டிய அந்த மடுவைத் தவிர வேறெங்கும் இறங்கி அவரால் தூண்டில் போட முடியாது. மரம் விழுந்தால் அங்கேயும் முடியாது. அவருடைய பழைய கூட்டாளி கிளிஃப்தான் முதலில் வாய் திறந்தார்.

"உன் மடுவ விட்டுடுறோம்டா வெர்ன். மேல ஒரு மைல் தள்ளிப் போட்டுக்கலாம். நீ அங்கயே நின்னு, பிடிக்காத மீனப் பத்திப் பொய் சொல்லிக்கிட்டிரு."

எல்லோரும் சிரித்தோம். வெர்னும் சிரித்துவிட்டு ரோவீனாவிடம் திரும்பினார்.

"மேல போட்டா இதே பலன் இருக்குமாம்மா?"

"கொஞ்சம் இருக்கும். இங்க போட்டாத்தான் சரளை நிக்கும்," என்றாள் அவள். உடனே குரலைத் தணித்து, "ஆனா பரவாயில்ல வெர்ன்," என்றாள்.

ஒரு மைல் மேலேயுள்ள வளைவில் போடுவது என்றே முடிவாயிற்று. எந்தக் கரையில் ஆரஞ்சு நாடா கட்டியிருக்கிறதோ அங்கே மரம் இறங்கும் என்பது ஏற்பாடு. மேல்வளைவில் நாடா கட்டும் வேலையை வெர்ன் கேட்டு வாங்கிக்கொண்டார். லாரியில் பக்கம்வரை போய்விடலாம், ஆற்றில் இறங்க வேண்டியதில்லை என்றார். அந்த வாரம் முழுக்க அவர் தன் மடுவில் தூண்டிலோடு நிற்பதை வேலைக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லையாம்.

பொக்லைன் வந்த காலையில் மேல்வளைவில் நாடா இல்லை. ஹாக்லண்ட் மடுவின் கரையில், ஆல்டர் மரத்தில் கட்டியிருந்தது. வெர்ன் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார். கிளிஃப் நாடாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஏன்டா இப்படிப் பண்ணின?"

வேரோடு ஒரு பெரிய ஸ்ப்ரூஸ் மரம் மெதுவாக மடுவுக்குள் இறங்கியது. தண்ணீர் கலங்கி, மரத்தைச் சுற்றி வழி தேடியது.

வெர்ன் மூடியில் காப்பியை ஊற்றி நீட்டினார். "குடி, ஆறிடும்."