கடலிலிருந்து எத்தனை மீட்டர்

என் மகளுக்குப் பதினான்கு வயது. கடலாமை என்றால் உயிர். அந்தமானில் ஆமைகள் கரையேறி முட்டையிடும் என்று படித்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. நான் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். எனக்கு அங்கே இருக்கும் பழைய சிறையைப் பார்க்க வேண்டும், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன இடிந்த பங்களாக்களைப் பார்க்க வேண்டும்.

என் கணவர் வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்திருந்தேன். விமானப்படையில் இருபது வருடம் இருந்துவிட்டு, இப்போது ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறார். கல்யாணத்துக்கு முன்பு அந்தமானுக்குத் தெற்கே கார் நிக்கோபார் தீவில் வேலை பார்த்தவர். சுனாமி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று புதிதில் ஒருமுறை கேட்டேன். “லீவுல ஊருக்கு வந்திருந்தேன்” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அவர் மறுக்கவில்லை. “போலாம். ஆனா பிளான் நான் போடறேன்” என்றார்.

லோஹேகாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தீவுகளின் வரைபடம் விரிந்தது. மகள் பச்சை மையில் ஆமைகளைக் குறித்தாள். அவர் சிவப்பு மையில் வேறு எதையோ குறித்தார். மேடுகள். ஒவ்வொரு கடற்கரையிலிருந்தும் பக்கத்து மேட்டுக்கு ஒரு கோடு. ஹேவ்லாக் தீவில் மகள் பிடித்துவைத்த ஹோட்டலுக்கு அவரே போன் செய்தார். இந்தியில் ஒரே ஒரு கேள்விதான்: கடலிலிருந்து எத்தனை மீட்டர்? அந்தப் பக்கம் இருந்தவர் பெருமையாக, “பத்தடிதான் சார், அலை காதுக்குள்ளேயே விழும்” என்றார். இவர் போனை வைத்துவிட்டு அந்த ஹோட்டலை வரைபடத்தில் சிவப்பு மையால் அடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாராவாரம் எங்களை நகரத்துக்குள் இருக்கும் பர்வதி குன்றுக்குக் கூட்டிப்போனார். படியேறினால் உடம்புக்கு நல்லது, தீவில் நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்றார். முதல் வாரம் சும்மா ஏறினோம். இரண்டாம் வாரம் போனில் நேரம் பார்த்தார்.

“நாலு நிமிஷம் நாப்பது செகண்டு. பத்தாது.”

“எதுக்குப் பத்தாது?” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் வாரம் செருப்பைக் கழற்றச் சொன்னார். வீட்டிலும் தொடங்கிவிட்டது. தோசை வார்த்துக்கொண்டிருப்பேன், திடீரென்று “இப்போ!” என்பார். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். ஒருமுறை நான் கேஸை அணைக்கத் திரும்பினேன். “அணைக்காதே, வா!” என்று கத்தினார். பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் கத்தியதே இல்லை.

“அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. நெஜமாவே பயமா இருக்கு” என்றாள் மகள். பயணத்தை ரத்து செய்துவிடலாமா என்று யோசித்தேன். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேனே தவிர, அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

நான்காம் வாரம், பாதிப் படியில் மகள் நின்றுவிட்டாள். படியில் படுத்திருந்த ஒரு பூனையைப் படமெடுக்கக் குனிந்தாள். அவர் திரும்பி வந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவள் முட்டி கல்லில் உரசியது. “அப்பா, விடுங்க, வலிக்குது!” அவர் விடவில்லை. ஏழெட்டுப் படி அப்படியே இழுத்துப்போனார். எதிரே இறங்கிவந்த ஒரு அம்மாள், “காய் ஜாலா பாவு?” என்று, மராத்தியில் என்ன ஆயிற்றெனக் கேட்டபடி குறுக்கே நின்ற பிறகுதான் நின்றார். மகளின் கையில் ஐந்து விரலும் சிவந்து பதிந்திருந்தன.

அவர் அதைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் லீவுல இல்ல” என்றார்.

அன்று காலை பூமி ஆடியபோது அவர் குவார்ட்டர்ஸில் இருந்தார். எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுக்காரர் டூட்டியில் இருந்தார். அந்த அக்கா இரண்டு குழந்தைகளோடு வாசலில் நின்றுகொண்டு, இனி என்ன செய்வதென்று இவரைக் கேட்டாராம்.

“நின்னுடுச்சுங்கக்கா, இனி ஒண்ணும் இல்ல, உள்ள போய்ப் பாலைக் காய்ச்சி குழந்தைகளுக்குக் குடுங்கன்னேன். சொல்லிட்டு நான் ரன்வேல விரிசல் விட்டிருக்கான்னு பார்க்கப் போயிட்டேன். அது மேடு.”

“நான் சொன்னதாலதான் உள்ள போனாங்க” என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும், யாருக்குத்தான் தெரியும் என்று ஏதோ சொன்னேன். அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. மகள் முட்டியில் ரத்தத்தோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நாம போக வேண்டாம்ப்பா. ஆமையை டிவில பார்த்துக்கறேன்.”

“இல்ல கண்ணு. போகணும்.”

போனோம். போர்ட் பிளேரில் மேட்டில் ஒரு விடுதி. சிறையைச் சுற்றிப் பார்த்தபோது கூடவே வந்தார், நன்றாகப் பேசினார். மூன்றாம் நாள் ஹேவ்லாக் படகு. துறைமுகத்தில் படகுக்கு ஏறும் பலகையில் ஒரு காலை வைத்தவர் அதை எடுத்துவிட்டார். “நீங்க போயிட்டு வாங்க. சாயங்காலப் படகுல வந்துடுங்க” என்றார். மகள் தயங்கினாள். நான் அவளை ஏற்றினேன். அது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அவள் ஆமையைப் பார்த்தாள். தெளிந்த தண்ணீருக்கடியில், பெரியது, அவசரமே இல்லாமல் நீந்திப் போனது. அவள் கத்தியே விட்டாள். நான் ஆமையைச் சரியாகப் பார்க்கவில்லை. தண்ணீர் உள்வாங்குகிறதா என்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் படகு திரும்பியபோது, காலையில் விட்ட இடத்திலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் மூக்கும் நெற்றியும் கருத்து, உதடு வெடித்திருந்தது. பத்தடியில் நிழலும் பெஞ்சும் இருந்தன.

“அங்க உட்கார்ந்திருக்கக் கூடாதா?” என்றேன்.

“அங்கிருந்து கடல் முழுசாத் தெரியல” என்றார்.