மதினி சொன்ன கிளைமாக்ஸ்

இன்று சங்கரன்கோவில் பஸ்ஸில் என் பேத்தி போனில் பாடம் கேட்டுக்கொண்டே வந்தாள். சென்னையில் சினிமாவுக்குக் கதை எழுதப் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல்!

போனில் ஒரு வயதான டைரக்டர் சொன்னார்: "ஒரு கதைக்கு ஒரே முடிவுதான் பொருந்தும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன ஆச்சி சிரிக்கிய?"

"அந்தக் காலத்துல சங்கரன்கோவில்ல படம் பாக்கப் போனா, நம்மூரு கரிவலத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னு நானும் எங்க மதினியும் கிளைமாக்ஸ்லயே எந்திச்சு ஓடி வந்திருவோம் மக்கா. மிச்சக் கதையை மதினிதான் பஸ்ல சொல்லுவாக."

ஒரு படத்தில் கதாநாயகி ஆற்றில் குதித்ததும் நாங்கள் கிளம்பிவிட்டோம். ஊர் வருவதற்குள் மதினி அவளைக் கரையேற்றி, கல்யாணம் முடித்து, பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிட்டார்.

பேத்தி உடனே என்னிடம் பெயரைக் கேட்டு அந்தப் படத்தைப் போனில் தேடி எடுத்து, கடைசிக்கு நகர்த்தினாள்.

"இந்தா ஆச்சி, நெச முடிவைப் பாருங்க."

ஆறு தெரிந்ததுமே போனைக் கையால் மூடினேன்.

"ஏட்டி, அமத்து! மதினியே போய்ச் சேந்துட்டாக. அவுக காப்பாத்துனவளை நீ கொன்னுராத."

அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். முழுதாகப் பார்த்தவர்கள் கமென்டில் உண்மையைப் போட்டுவிடுவீர்கள். உங்கள் வீட்டு ஆட்கள் சொன்ன முடிவு இருந்தால் மட்டும் எழுதுங்கள்.